திறந்த கதவும் திருட்டுச் சாவியும்

(தோழர்களின் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



தொலைபேசி மணி அடிக்கிறது. அமெரிக்க நாட்டின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலே, இருபது வயதுப் பெண்ணொருத்தி எடுத்துப் பேசுகிறாள். மறுமுனையிலே ஒரு பெண் குரல். தான் யார், எதற்காக அழைக்கிறேன் என்று அந்தக் குரல் ஏதேதோ சொல்லுகிறது. சொன்னது அத்தனையும் பொய். பொய்யென்று அறியாத அந்தப் பெண், தான் வேலை பார்க்கும் இடம் இன்னதென்று கூறிவிடுகிறாள். பேச்சு முடிகிறது. அவள் அதை அன்றே மறந்தும் இருப்பாள்.

அந்தக் குரலை அனுப்பி வைத்தது, இணையத்திலே கடை விரித்திருந்த ஒரு துப்பறியும் நிறுவனம். கேட்டவன் ஒரு வாலிபன். அவளுடைய சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு 45 டாலர் கொடுத்தான். வேலையிடத்துக்கு 109 டாலர். கொடுத்த காசுக்குச் சரக்கு வந்து சேர்ந்தது. 1999ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள், வேலை முடிந்து வெளியே வந்தவளைச் சுட்டுக் கொன்றான், தன்னையும் சுட்டுக்கொண்டான்.

கேளுங்கள் இன்னொன்றை. அவன் இணையத்திலே தனக்கென ஒரு பக்கம் வைத்திருந்தான். அந்தப் பக்கத்திலே, அவளைப் பின்தொடர்வதைப் பற்றியும் கொல்லுவதைப் பற்றியும் தன் கைப்படவே எழுதி வைத்திருந்தான்! பிறர் கதவின் பூட்டைத் திறக்கப் பொய்க்குரல் அனுப்பத் தெரிந்தவர்கள், காசு கொடுத்தவன் தானே எழுதி வைத்திருந்ததைத் தேடிப் படித்திருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கக்கூடும்.

நாடகம் எழுதுகிறவன் நான். இப்படியொரு காட்சியை எழுதிக் காட்டியிருந்தால், "மிகைப்படுத்திவிட்டீர், ஐயா! மேடைக்கு ஆகாது" என்று நம் தோழர்களே சொல்லியிருப்பர். வாழ்க்கைக்கு அந்தக் கூச்சமில்லை.

அந்தத் தாய் வழக்காடினாள். 2003ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் உச்சநீதிமன்றம் சொன்னது: ஒருவரைப் பற்றிய செய்தியை மற்றொருவருக்கு விற்கும் துப்பறிவாளன், அதனால் விளையக்கூடிய தீங்கை எண்ணிப் பார்த்து நடக்கக் கடமைப்பட்டவன், பின்தொடர்தலும் ஆள்மாறாட்டமும் முன்கூட்டியே அறியத்தக்க ஆபத்துக்களே, "விற்றேன், போயிற்று" என்று கை கழுவ முடியாது. அதே தீர்ப்பு வேறொன்றையும் சொல்லிற்று. நாலு பேர் காண நடந்து போய் வருகிற வேலையிடம் மறைபொருள் ஆகாதாம். கவனியுங்கள், இடத்தை அறிந்ததை நீதிமன்றம் தனியே வைத்தது. பொய் சொல்லி அறிந்ததைத் தனியே வைத்தது. இன்று நான் பேச வந்தது இந்த இரண்டுக்கும் இடையே ஓடும் கோட்டைப் பற்றித்தான்.

அமெரிக்காவிலே யாரோ யாரையோ சுட்டான், அதற்கும் அரசியல் பயிற்சி முகாமுக்கும் என்ன தொடர்பு என்று பின்வரிசையிலே ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. தொடர்பு உண்டு, தோழரே. ஒரு தேர்தலின்போது நம் இளந்தோழர் ஒருவர் என்னிடம் ஓடோடி வந்தார். கண்களிலே ஒளி, கையிலே ஒரு துண்டுச்சீட்டு. "அண்ணே! நகரத்திலே ஒரு துப்பறிவாளர் இருக்கிறார். தொகை கொடுத்தால் எதிர்க்கட்சி வேட்பாளர் யார் யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினார் என்ற பட்டியல் முழுவதையும் வாங்கித் தந்துவிடுவாராம்!" என்றார். அவருக்கு நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்லுகிறேன். அதற்குமுன், துப்பறிவாளரின் தொழில் எதுவென்று தெரிந்துகொள்வோம்.

சட்டத்துக்கு உட்பட்ட துப்பறிவாளரின் வேலை இருட்டிலே நடப்பதன்று. பட்டப்பகலிலே நாற்காலியில் அமர்ந்து, கண் வலிக்கப் படிக்கும் வேலை. ஒருவர் உலகறிய எழுதியதைப் படிக்கிறார். அவர் எழுதாததை அவருடைய மைத்துனர் எழுதியிருப்பார்; அதையும் படிக்கிறார். கலியாண வீட்டு நிழற்படத்திலே மாப்பிள்ளையை எல்லோரும் பார்ப்பர். இவரோ பின்னணியிலே தெரியும் கடைப் பலகையைப் பார்ப்பார். ஊர் பெயர் அதிலே இருக்கும். ஓரிடத்திலே புனைபெயர் சூட்டிக் கொண்டவர், மற்றோரிடத்திலும் பெரும்பாலும் அதே பெயரையே சூட்டிக் கொள்ளுகிறார். மனிதனுக்குச் சோம்பல் அதிகம். கம்பெனிப் பதிவேடு, நீதிமன்ற வழக்குப் பட்டியல், வேட்பாளர் தாக்கல் செய்த சொத்துக்கணக்கு, இவையெல்லாம் எவரும் பார்க்கத்தக்கவை. அழித்துவிட்ட பக்கத்தைக்கூட, 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்துவரும் இணைய ஆவணக் காப்பகத்திலே சில வேளைகளிலே காணலாம். எல்லாமே கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர், பலவும் கிடைக்காது.

கண்டதை அப்படியே பதிந்து வைப்பது அடுத்த வேலை. எந்த முகவரி, எந்த நாள், எந்த நேரம், பக்கம் முழுவதுமா, வெட்டியதா என்பதெல்லாம் வேண்டும். நம் நாட்டிலே 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தக் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் அதிலே எழுதச் சொல்லுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். ஆகவே, வெட்டி ஒட்டிய படத்தைக் கொண்டுவந்து, "பார்த்தீரா அவன் முகத்திரையை!" என்று முழங்கும் நம் ஆர்வலர் சிலர் நீதிமன்றப் படியேறினால் முழக்கத்தை வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டியிருக்கும்.

பூட்டிய பக்கத்தை என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு, நீதிமன்றத்தின் வழி. 2010ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து நீதிமன்றத்திலே ஒரு வழக்கு. பழுதான நாற்காலியிலிருந்து விழுந்தேன், காயத்தால் வீட்டோடும் படுக்கையோடும் கிடக்கிறேன் என்றார் ஒரு அம்மையார். எதிர்த்தரப்பு, அவருடைய முகநூல் பக்கத்தின் திறந்திருந்த பகுதியைப் பார்த்தது. அங்கே அம்மையார் வீட்டுக்கு வெளியே நின்று மகிழ்ந்து சிரிக்கிறார்! திறந்த பகுதியிலே கண்டதைக் காட்டி, மூடிய பகுதியையும் காட்டச் சொல்லுமாறு கேட்டனர். நீதிமன்றம் ஆணையிட்டது. கடவுச்சொல்லை எவரும் திருடவில்லை. எவரும் பொய் வேடம் பூணவில்லை. அந்த ஆணையிலே எனக்குச் சற்று வருத்தமே. நோயுற்றவருக்கு ஒருநாள் சிரிக்கவும் உரிமை இல்லையா? ஆயினும் அது பகிரங்க மன்றத்திலே, இருதரப்பும் வாதாடிப் பெற்ற ஆணை.

இதற்கு ஓராண்டு முன்பு, 2009இலே, பிலடெல்பியா வழக்குரைஞர் சங்கத்திடம் ஒருவர் அறிவுரை கேட்டார். சாட்சியொருத்தியின் பக்கம் நண்பர்களுக்கு மட்டுமே திறக்கிறது. வேறொருவரை அனுப்பி நட்பு கேட்கச் சொல்லலாமா என்றார். வருபவர் பொய்ப்பெயர் சொல்லமாட்டார். மெய்ப்பெயரோடுதான் வருவார். யாருக்காக வருகிறார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். சங்கம் என்ன சொல்லிற்று தெரியுமா? கூடாது, அது வஞ்சகம் என்றது. மெய்ப்பெயருக்குள்ளேயும் ஒரு பொய் ஒளிந்திருக்கலாம் என்று வழக்குரைஞர்களே ஒப்புக்கொண்டது எனக்குப் பேருவகை தந்தது!

வேடம் என்றதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கல்லூரியைப் பாதியிலே விட்டுவிட்டு அரிதாரம் பூசப் போனவன் நான். வேடத்தின் மதிப்பு தெரியும். மேடையிலே மன்னன் வேடம் தாங்கியவனைக் கண்டு எவரும் வரி செலுத்துவதில்லை. நடிப்பு என்று அவனுக்கும் தெரியும், அரங்கத்துக்கும் தெரியும். தொலைபேசியிலே வேடம் போடுகிறவனோ, தான் மட்டும் அறிந்த நாடகத்துக்கு எதிரிலிருப்பவரை அறியாமலே பாத்திரமாக்கி விடுகிறான்.

அந்தக் கலையிலே பெரும்பணம் செலவிட்டுக் கெட்டது ஹியூலெட்-பேக்கார்டு என்னும் கம்பெனி. கணிப்பொறி, அச்சுப்பொறி செய்யும் பெருநிறுவனம். 2006 ஜனவரியிலே, கம்பெனியின் உள்திட்டம் ஒன்று சிநெட் என்ற செய்தித் தளத்திலே வெளிவந்தது. இயக்குநர் குழுவிலே யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார்? குழுத் தலைவி பாட்ரீசியா டன் கண்டுபிடிக்கச் சொன்னார். துப்பறிவாளர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் இயக்குநர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும் நடித்துத் தொலைபேசிக் கம்பெனிகளிடம் பேசி, யார் யாரை அழைத்தார் என்ற பட்டியலை வாங்கினர். ஒன்பது பத்திரிகையாளர்களின் பட்டியல் போயிற்று! அதுவும் போதவில்லை. கம்பெனியின்மீது மனக்குறை கொண்ட ஊழியன் ஒருவனைக் கற்பனையிலே படைத்து, அவன் பெயரால் ஒரு பத்திரிகையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினர். அதனுள்ளே, அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்று காட்டிக்கொடுக்கும் ஒற்று வைத்திருந்தனர். எழுத்தாளனாகிய நான் பொறாமைப்படும் அளவுக்குப் பாத்திரப் படைப்பு!

சொன்னவர் யாரென்று கண்டுபிடித்துத்தான் விட்டனர். ஆனால் 2006 மே மாதம் அது குழுவுக்குச் சொல்லப்பட்டபோது, டாம் பெர்க்கின்ஸ் என்ற இயக்குநர் எழுந்து பதவியை உதறிவிட்டு வெளியேறினார். செப்டம்பரிலே உலகறிந்தது. தலைவி பதவி விலகினார். அவர்மீதான வழக்கு 2007இலே தள்ளுபடியாயிற்று. கம்பெனி கலிபோர்னியா மாநிலத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டுக்கு 1 கோடியே 45 இலட்சம் டாலர் கொடுத்தது. நாடாளுமன்ற விசாரணையிலே சாட்சி சொல்ல அழைக்கப்பட்டோர் பலர் வாய் திறக்க மறுத்தனர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவர்கள்! 2007 ஜனவரியிலே, பொய் சொல்லித் தொலைபேசிப் பட்டியல் வாங்குவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று அமெரிக்கா தனிச்சட்டமே செய்தது.

நம் நாட்டு நிலை என்ன? வாயிற்காவலரை வேலைக்கு அனுப்பும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005இலே சட்டம் வந்தது. துப்பறியும் நிறுவனங்களுக்கான மசோதா 2007இலே மாநிலங்களவையின் வாசலை மிதித்தது, சட்டமாகாமலே போயிற்று. வாயிற்படியிலே நிற்பவருக்கு உரிமம் வேண்டும். சன்னலிலே எட்டிப் பார்ப்பவருக்கு வேண்டாம்! என்ன விந்தை! அதற்காக அவர் எதையும் செய்யலாம் என்பதன்று. பிறர் கடவுச்சொல்லைக் களவாடிப் பயன்படுத்துவோருக்கும், கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலே மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2018இலே மராட்டிய மாநிலத்துத் தானே நகரக் காவல்துறை, தொலைபேசி அழைப்புப் பட்டியல்களை வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர் சிலரையே கைது செய்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24இலே உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர்.

ஆனால் சட்டம் இன்னும் இரு மனத்தோடு நிற்கிறது. கணவன் மனைவியின் அழைப்புப் பட்டியலை அவளறியாமல் எடுத்துக்கொண்டு வந்தபோது, அந்தரங்கத்தை மீறிப் பெற்றது சாட்சியம் ஆகாது என்று 2024இலே மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் கூறிற்று. 2025 ஜூலையிலோ, வேறொரு வழக்கிலே, கணவன் இரகசியமாகப் பதிந்த மனைவியின் பேச்சை மணவழக்கிலே ஏற்கலாம் என்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தாமே ஊரறிய வெளியிட்ட தம் செய்திக்கு இச்சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. நீங்கள் நள்ளிரவிலே சினத்தோடு தட்டி விடும் பதிவு, தோழரே, நீங்களே திறந்து வைத்த கதவு.

இனி அந்தத் துண்டுச்சீட்டுக்கு வருகிறேன். அதைக் கிழித்துப் போட்டேன். இளந்தோழரின் முகம் வாடிற்று. "அவர்கள் மட்டும் செய்யமாட்டார்களா?" என்றார். செய்யக்கூடும். "உம்முடைய பட்டியலை அவர்கள் வாங்கியிருந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்டேன். பேசவில்லை. பிறகு இருவரும் அமர்ந்தோம். அந்த வேட்பாளர் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்து வரிவரியாகப் படித்தோம். அவருடைய பக்கத்தை ஆறு ஆண்டுகள் பின்னோக்கிப் புரட்டினோம். மூன்று இரவுகள். பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்து! மூன்றாம் இரவிலே, ஏரியைக் காப்பேன் என்று மேடைதோறும் முழங்கியவர், அதே ஏரிக்கரையிலே வீட்டுமனை விற்பனைக்கு நாடா வெட்டித் திறந்து வைக்கும் படம் கிடைத்தது. அவரே போட்டது. முகவரியும் நாளும் நேரமும் குறித்துச் சேமித்தோம்.

பொதுக்கூட்டத்திலே அந்தப் படத்தைப் பற்றிப் பேசினேன். மறுநாள் காலையிலே அவர் பக்கத்தில் அது இல்லை. எங்களிடம் இருந்தது.

அன்றிரவு என்னுடைய பக்கத்தையும் முதலிலிருந்து படித்தேன். வெட்கப்படத்தக்கவை நான்கு இருந்தன. ஒன்றிலே, மாற்றுக்கட்சித் தோழர் ஒருவரின் தாயாரை இழுத்துப் பேசியிருந்தேன். அழிக்க விரல் போயிற்று, அழிக்கவில்லை. அதன் கீழே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்தத் தோழர் இன்னும் மறுமொழி எழுதவில்லை.