எதை வைத்துச் சொல்கிறாய்?



செயல்வழிக் கற்றல் நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்ததை இங்கே பலர் நேரில் கண்டவர்கள். 2003-இல், அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் பரவியது. அதோடு வகுப்பறைக்குப் பிள்ளையின் கைக்கு எட்டும் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், தன் வருகையைத் தானே குறிக்கும் பதிவேடு, காலநிலை அட்டவணை எல்லாம் வந்தன. அந்த முறையின் கற்றல் ஏணிப்படியையும் அட்டைகளையும் பற்றி நாம் நிறைய வாதாடியாயிற்று. நான் பேச வந்தது அந்தக் காலநிலை அட்டவணையைப் பற்றி!

காலையில் ஒரு பிள்ளை போய் 'மேகமூட்டம்' என்று குறிக்கிறது. உடனே பாடம் தொடங்கிவிடுகிறது. ஆசிரியர்களே, அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். திரேஸ்புரத்து மீனவப் பிள்ளை, வீசும் காற்று கச்சானா வாடையா என்று வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்தது. அந்த அறிவுக்கு வகுப்பில் இடம் கொடுங்கள். அடுத்து, "இன்று மழை பெய்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?" என்று கேளுங்கள். சித்திரையில் ஒரு மழை விழுந்தால் கோவில்பட்டிக் கரிசல்காரர் கோடை உழவுக்கு ஏர் பூட்டுவார். அதே மழை இங்கே தூத்துக்குடி உப்பளத்துப் பாத்தியில் விளைந்ததைக் கரைத்துவிடும். அளத்துத் தொழிலாளிக்கு அன்று கூலி இல்லை. இதை நான்காம் வகுப்புப் பிள்ளை தானே கண்டு சொல்லும். தவறாகச் சொன்னாலும் திருத்த அவசரப்படாதீர்கள். பக்கத்துப் பிள்ளையிடம், "உனக்கு என்ன தோன்றுகிறது, ஏன்?" என்று கேளுங்கள்.

'எதை வைத்துச் சொல்கிறாய்?' என்ற கேள்வி நம் கடற்கரைக்குப் புதிதா? சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன்பு, கடலடிச் சிப்பிப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்து, திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டுப் பார்த்தார்கள். தேறாது என்றால் முத்துக்குளிப்பு கிடையாது.

"பாடம் முடிக்கவே நேரமில்லையே" என்கிறீர்கள், ஆசிரியர்களே. நியாயம்தான். நான் கேட்பது ஐந்து நிமிடம், ஆனால் தினமும். நாளையும் இதே கேள்வி வரும் என்று தெரிந்தால்தான் வாய் திறக்காத பிள்ளையும் வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு வரும்.

தாய்மார்களே, இன்று மாலை "என்ன மார்க்?" என்று கேட்கும் முன், "இன்றைக்கு டீச்சரிடம் என்ன கேட்டாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.