சாவு வரட்டும், நோவு எதற்கு?

(வைகை அணையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



மோட்சத்தைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ பேச நாம் வரவில்லை. அதற்கு முன்னே, பாயில் கிடக்கிற கடைசி மாதங்களில் மனிதன் படுகிற நோவைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

நமக்கு அத்தை முறையான ஓர் அம்மாளுக்கு மார்பில் புற்றுநோய் கண்டு எலும்பு வரையில் பரவிவிட்டது. இராப்பகலாய் அவர் அலறியது தெருக்கோடி வரையில் கேட்டது. பார்க்க வந்தவர்கள் "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்றார்கள். மண்ணாசை தீரவில்லையென்று ஒருவர் வாசல் மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றினார். வெயிலில் களையெடுத்துப் பிள்ளைகளை வளர்த்ததைத் தவிர அந்த அம்மாள் செய்த பாவம்தான் என்னவென்று கேட்கிறோம். எலும்பைக் கட்டி அரிக்கிறது, நோகிறது. இதில் முன்ஜென்மத்துக்கு என்ன வேலை?

அப்பொழுதுதான் சிலர் தலைக்கூத்தல் என்று முணுமுணுத்தார்கள். தேனி, மதுரை, விருதுநகர்ப் பக்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய்க் குளியல் என்கிற பேரால் முதியோரை அனுப்பிவிடும் வழக்கம். 2010இல் பத்திரிகைகளில் பெரிதாய் அடிபட்டது. செய்கிறவர்களெல்லாம் கொடியவர்கள் என்று சொல்லி நாம் தப்பித்துக் கொள்ளமாட்டோம். கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டில், அலறலைக் கேட்கமாட்டாமல் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் நோவைப் போக்க வழியிருக்கும்போது நோயாளியையே போக்குவது எந்த நியாயம்?

அந்த வழிக்கு மார்ஃபின் என்று பெயர். அபினியிலிருந்து எடுப்பது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் அரசாங்க அனுமதியோடு பயிராகிறது. நம் நாட்டிலேயே விளைந்தும் நம் நோயாளிக்குக் கிடைக்கவில்லை! போதைக்குப் பயந்து 1985இல் போட்ட சட்டத்தால் ஆஸ்பத்திரிகள் பல லைசென்சுகளுக்கு அலைய நேர்ந்து, மருந்தையே வைக்காமல் விட்டன. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தி இலகுவாக்கினார்கள். ஆனால் அதற்கு வெகு முன்பே, 1993இல், கோழிக்கோட்டில் டாக்டர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் இவ்வேலையைத் துவக்கினார்கள். பிற்பாடு கேரளத்தில் ஊர்த் தொண்டர்களே வீடு வீடாய்ச் சென்று பார்க்கலானார்கள்.

சாதாரண மார்ஃபின் மாத்திரையை வலி வந்தபின் தேடுவதல்ல. பொதுவாய் நான்கு மணிக்கொரு தரம், கடிகாரம் பார்த்துக் கொடுப்பது. அளவை டாக்டர்தான் சொல்லவேண்டும். மலம் கட்டும்; ஆகவே பேதி மருந்தும் கூடவே வேண்டும். "பழக்கமாகிவிடுமே" என்பார்கள். டாக்டர் சொற்படி வலிக்குச் சாப்பிடுகிறவருக்கு அந்த வெறி பிடிப்பது அபூர்வம். ஒரு மாதம் இருக்கப்போகிறவரைப் பற்றி இந்தக் கவலை ஏன் ஐயா? மூச்சுத் திணறலுக்கும் சிறு அளவில் இதுவே உதவும். முகத்துக்கு நேரே விசிறுவதும் உதவும். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள். விழுங்க முடியாதவர் வாயில் தயவுசெய்து பால் ஊற்றாதீர்கள், புரையேறும். ஈரத்துணியால் உதட்டை நனையுங்கள், போதும்.

இங்கிருந்து க.விலக்கு பெரிய ஆஸ்பத்திரி தூரமில்லை. 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கவும் ஏற்பாடு உண்டு. "வலி நிவாரணச் சிகிச்சை வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் மறுபடியும் கேளுங்கள்.

நம் அத்தைக்கு அந்த மாத்திரை கிடைத்தது கடைசிப் பதினொரு நாட்கள்தான். அந்த நாட்களில் உட்கார்ந்து பேத்திக்குத் தலை வாரிவிட்டார்.