மோர்ஸ் தெரியாமலே ஹாம் ஆகலாம்

செலியமேட்டுல சில பிள்ளைங்களுக்கு ஹாம் ரேடியோ பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்னு போன எபிசோட்ல சொன்னேன் இல்ல? உடனே ஒரு கேள்வி: "வாட்ஸ்அப் இருக்கே, இது எதுக்கு?"

வாட்ஸ்அப்புக்கு டவர் வேணும், டவருக்குக் கரண்ட் வேணும். 2011 டிசம்பர் 30-ல தானே புயல் நம்ம பக்கம் கரையைக் கடந்தப்போ கரண்ட் கம்பம் எத்தனை சாய்ஞ்சதுன்னு பாகூர்க்காரங்களைக் கேளுங்க. 2004 சுனாமியில அந்தமான்ல போன் செத்தப்போ, அங்கே இருந்த பாரதி பிரசாத் குழுவோட ஹாம் செட்தான் உறவுக்காரங்களுக்குச் சேதி சொன்னது.

பரீட்சை எழுத 12 வயசு ஆனா போதும். ரெஸ்ட்ரிக்டெட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது. ஜெனரலுக்குத்தான் நிமிஷத்துக்கு 8 வார்த்தை. ரேடியோ தியரி, விதிமுறை, இவ்வளவுதான். நம்ம இன்ஜினியரிங் ஆளுங்க தியரியை ஊதித் தள்ளிட்டு விதிமுறையைத் தொடவே மாட்டாங்க (ஆமா, உங்களைத்தான்). அதனால நான் விதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்: கால்சைன் சொல்லணும், வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. பாஸானாலும் லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் மைக்கைத் தொடக்கூடாது.

வர்ற ஞாயிறு ஆன்டெனா கட்டுறோம். 40 மீட்டர் பேண்டுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பி. இழுத்துக் கட்ட ரெண்டு தென்னை பார்த்து வெச்சாச்சு.