விழுந்தவனைத் தூக்குவதற்கு முன்



மூளை, நரம்பு மண்டலம் என்று ஒரு கருத்தரங்கு கூடினால் தலைமை உரை மூளையின் பெருமையில்தான் தொடங்க வேண்டும் என்பது எழுதாத விதி. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள், உடல் எடையில் 2 சதவீதம் மட்டுமே இருந்துகொண்டு உடம்பு செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும் உறுப்பு என்று அடுக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளே இதையெல்லாம் ஒப்பிக்கிறார்கள். நாகர்கோவிலில் கூடியிருக்கும் நமக்குப் பனைமரத்திலிருந்து தொடங்குவதுதான் முறை.

அக்கானி (பதநீர்) இறக்கப் பனையேறியவர் உச்சியில் பிடி தவறினால் உடம்பில் என்ன நடக்கிறது? காலூன்றி விழுந்தால் அதிர்ச்சி குதிகால் எலும்பை நொறுக்கிவிட்டு மேலேறும். விலாக்கூட்டின் பிடிப்பு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்போ முதல் இடுப்பு முள்ளெலும்போ நசுங்கும்; உடைந்த சில்லு பின்பக்கமாகத் தள்ளும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலேயே முடிந்துவிடுகிறது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்த வடத்தின் கடைசிப் பகுதியில்தான் கால், சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றுக்குமான நரம்பணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒரு சில்லு போதும், ஆயுசுக்கும் படுக்கை.

தலைகுப்புற விழுந்தால் கணக்கு வேறு. கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகள் சேர்ந்து உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கு மேலே வடம் நைந்தால் மூச்சு அந்த இடத்திலேயே நிற்கும். கீழே நைந்தால் மூச்சிருக்கும், கைகால் விளங்காது. இந்த இரண்டுக்கும் இடைவெளி ஒன்றிரண்டு விரற்கடைதான்.

இனி நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். விழுந்த சத்தம் கேட்டதும் நாலு பேர் ஓடிவருவார்கள். ஒருவர் அக்குளில் கைகொடுப்பார், ஒருவர் முழங்காலுக்கடியில் பிடிப்பார். வில்லாக வளைத்துத் தூக்கி ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார வைத்து, தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டுவார்கள். அவ்வளவும் அன்பு, சந்தேகமில்லை. எலும்பு மட்டும் உடைந்து வடம் தப்பியிருந்தவருக்கு வடம் நைவது பல சமயம் அந்த அன்பில்தான். பனையேறிகள் இன்று அருகிவிட்டார்கள். ஆனால் தேங்காய் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கட்டடச் சாரத்தில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஓட்டும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். விழுவது குறையவில்லை.

இப்படி விழுந்தவரையும் அடிமுறை என்ற தற்காப்புக் கலை ஆடி அடிபட்டவரையும் பார்த்துப் பார்த்து வளர்ந்ததுதான் இந்த மண்ணின் வர்ம வைத்தியம் என்பது என் எண்ணம். நாஞ்சில் நாடு என்று பொதுவில் சொல்கிறோமே தவிர, ஆசான்மார் நிறைந்த மண் கல்குளமும் விளவங்கோடும். அடிபட்டால் ஆபத்தாகும் இடங்களே வர்மங்கள்; படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது அவர்கள் கணக்கு. (ஆம்புலன்சுக்கும் அதே எண் வாய்த்தது தற்செயல், மேடையில் யாரும் அதற்கு விளக்கம் சொல்லிவிட வேண்டாம்.) உச்சியிலும் புருவ நடுவிலும் பிடரியிலும் கழுத்துப் பக்கத்திலும் அவர்கள் சுட்டும் இடங்களை உடற்கூறியல் மேசையில் வைத்துப் பார்த்தால் சில இடங்களில் வியக்காமல் இருக்க முடியாது.

நெற்றிப்பொட்டை எடுத்துக்கொள்கிறேன். மண்டையோட்டில் எலும்பு மெலிந்த இடங்களில் அது ஒன்று. அதன் உட்புறத்தை ஒட்டியே மூளையின் மேலுறைக்கு ரத்தம் கொண்டுபோகும் நடுத்தமனி ஓடுகிறது. அடியில் எலும்பு கீறித் தமனி கிழிந்தால் எலும்புக்கும் உறைக்கும் நடுவே ரத்தம் கட்டும். அடிபட்டவர் கொஞ்ச நேரம் மயங்கிக் கிடப்பார். பிறகு எழுந்து உட்கார்ந்து, “ஒண்ணுமில்ல மக்கா” என்று சொல்லிவிட்டுச் சாயா குடித்து, வீட்டுக்கு நடந்தே போவார். சில மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம். ஒரு பக்கத்துக் கண்பாவை விரியும். கட்டிய ரத்தம் மூளையைக் கீழ்நோக்கித் தள்ள, மூச்சையும் நாடித்துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டு நசுங்கும். நடுவில் தெளிவாகப் பேசிய அந்த இடைவேளைதான் வீட்டாரை ஏமாற்றிவிடுகிறது. சில நேரம் வைத்தியரையும்.

வர்ம ஏடுகள் அடிபட்ட இடத்தைச் சொல்வதோடு விடுவதில்லை. என்ன குறி காணும், எத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும், தவறினால் எப்போது ஆள் போவான் என்று கெடுவும் சொல்கின்றன. நாழிகை 24 நிமிடம். அந்த எண்கள் ஒவ்வொன்றும் சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் எழுந்து பேசியவன் பிழைத்துவிட்டான் என்று நம்பாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து பொழுது எண்ணிய ஒரு மனிதர் அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கிறார். சி.டி. ஸ்கேன் வருவதற்கு முன்பு, அதாவது 1971க்கு முன்பு, உலகத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் தலைக்காயத்துக்குச் செய்தது பெரும்பாலும் இதைத்தான்: கண்பாவையைப் பார், நாடியைப் பிடி, மணியைக் குறி. அடங்கல் என்ற புள்ளிகளைத் தட்டி மயங்கியவரை எழுப்புவதைவிட, இந்தக் காத்திருந்து பார்க்கும் ஒழுங்கையே வர்மத்தின் பெரிய சொத்தாக நான் மதிக்கிறேன். ஆசான்மார் என்னோடு சண்டைக்கு வரலாம், பிற்பகல் அமர்வில் இடம் இருக்கிறது.

கழுத்துப் பக்கமும் அப்படியே. தாடையின் மூலைக்குக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை அளந்து சொல்லும் நரம்பு நுனிகள் உள்ளன. அங்கே அழுத்தம் விழுந்தால் ஒன்பதாம் மூளை நரம்பு வழியாகச் செய்தி முகுளத்துக்குப் போகும். முகுளம் பத்தாம் நரம்பு வழியாக இதயத்தை மெதுவாக்கும். சிலருக்கு அது மயக்கத்தில் முடியும். விரலால் தொட்டு ஆளைச் சாய்க்கும் கதைகளில் எல்லாமே கட்டுக்கதை இல்லை.

முழங்கைக்கு வருவோம். உட்புற மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் விரல் வைத்து மெல்ல உருட்டினால் ஒரு கயிறு நழுவும். சுண்டுவிரல் வரை மின்னல் ஓடும். எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் தசைத் திண்டு ஏதுமில்லாமல் நரம்பு ஓடும் இடம் அது. முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே இன்னொன்று உண்டு. அங்கே அடி விழுந்தால் பாதம் தொங்கிப்போய், செருப்பு தரையில் இழுபடும். தாக்குகிறவன் தேடுவது இந்த இடங்களை. இதே முழங்கைப் பள்ளத்தைத் தொழுநோய்ப் பணியாளர்களும் வேறு காரணத்துக்காகத் தேடினார்கள். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். தோலை ஒட்டி ஓடும் நரம்புகளின் உறையணுக்களில் அது குடியேறும், நரம்பு தடிக்கும். குளச்சல் பக்கம் உடையார்விளையில் தொழுநோயாளர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடிப்பு விரல் நுனியில் மனப்பாடம். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூரில் இருந்துகொண்டு உலகத்துக்குக் காட்டியதும் இதைத் தொட்ட உண்மைதான். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. சுடுகிற பாத்திரம் சுடுவது தெரியாததால், ஆணி குத்துவது தெரியாததால், கவனிக்காத காயத்தில் விரல் தேய்கிறது. வலி என்ற செய்தி வராத கை தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது.

ஆனால் 108 இடத்திலும் இப்படி நரம்பு இருக்கிறதா என்றால், இல்லை. சில இடங்களில் வெறும் தசைதான். சில ஏடுகளில் ஒரே பெயர் இரண்டு இடத்தைக் குறிக்கிறது. அண்மைக் காலத்தில் வர்மப் புள்ளி அனைத்தையும் வண்ணப்படத்தில் நரம்பு முடிச்சுகள்மேல் ஒட்டிவிட்டு, மேலைநாட்டார் இப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்று முடிக்கும் கட்டுரைகள் பெருகிவிட்டன. அவை வர்மத்துக்குச் செய்வது உபகாரம் இல்லை. ஆதாரம் கேட்டதும் அவை சரியும், அவற்றோடு நல்லதும் சேர்ந்து சரியும்.

ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். நசுங்கிய நரம்பு அறுபடாமல் இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே விழித்துக்கொள்ளும். உள்ளிழை அறுந்து உறை மட்டும் மிஞ்சியிருந்தால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் வளரும். வாய் கோணிய முகவாதக்காரரில் பெரும்பாலோர் மருந்தே இல்லாமலும் தேறிவிடுவார்கள். அந்த நேரத்தில் மாத்திரை கொடுத்தவருக்கும் பேர், எண்ணெய் தடவிய ஆசானுக்கும் பேர். இந்தப் புகழைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் ஆய்வு. பாதம் தொங்கிப்போனவரை முதல் நாளே நரம்பு மின்கடத்தல் சோதனைக்கு அனுப்பி, பிறகு தடவட்டும், மாதாமாதம் அளக்கட்டும். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இருக்கிற இரண்டுக்கும் நடுவில் இதற்கு வழியில்லையா?

இதே மாவட்டத்து நெய்யூர் நினைவுக்கு வருகிறது. 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி அது. எவரெஸ்டில் 1922லும் 1924லும் ஏறிய ஹோவர்டு சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார். செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் 8,000 மீட்டருக்கு மேல் போனவர். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் மனித அறிவு எப்படிக் குழம்பும் என்று தன் தலையிலேயே பார்த்த மனிதர் நம் பக்கத்தில் கத்தி பிடித்திருக்கிறார். பிறகு 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டி, 1950இல் சென்னையில் பி. ராமமூர்த்தி என்று நரம்பு அறுவைத் துறைகள் எழுந்தன. நமக்குப் பிற்பாடு கைக்கெட்டியது திருவனந்தபுரம். தலைக்காயக்காரரைக் காரில் போட்டுக் களியிக்காவிளை தாண்டிப் பறந்த இரவுகள் இந்த அவையில் பலருக்கு நினைவிருக்கும்.

ஆசான்மாருக்கு ஒரு வேண்டுகோள். கொல்லவும் தெரிந்த வித்தை என்பதால் ஒரு சீடனுக்கு மட்டும் சொன்னீர்கள், அது நியாயம்தான். இப்போது அந்த ஒரு சீடன் வளைகுடாவில் வேலையில் இருக்கிறான். ஏட்டை ஒளிப்படம் எடுக்கக் கொடுங்கள். தாக்கும் முறையைச் சொல்ல வேண்டாம். இடத்தையும் குறியையும் கெடுவையும் சொன்னால் போதும். மருத்துவர்களுக்கும் ஒன்று உண்டு. “நாட்டு வைத்தியரிடம் காட்டினீர்களா?” என்று நோயாளியை அதட்டாதீர்கள். அதட்டினால் அடுத்தவர் மறைப்பார், மறைத்தால் கழுத்தைத் திருப்பினார்களா என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

நாளைப் பிற்பகலில் அரைமணி நேரத்தைத் தேங்காய் வெட்டும் தொழிலாளர்களுக்கென்று ஒதுக்கச் சொல்லி அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். விழுந்தவரை உட்கார வைக்காதே, தலையும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கட்டும், கதவுப் பலகை கிடைத்தால் நாலு பேர் சேர்ந்து மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் புரட்டி ஏற்று, வாயில் தண்ணீர் ஊற்றாதே. இதைப் படம் போடாமல், ஓர் ஆளைத் தரையில் படுக்கவைத்துக் காட்ட வேண்டும்.

முதல் அமர்வு கழுத்து முள்ளெலும்பு. ஆசான் ஒருவரும் கதிரியக்க மருத்துவர் ஒருவரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். இருவரையும் மேடைக்கு அழைக்கிறேன்.