'ப்ளீஸ் ரிவர்ட்'னா என்ன பண்ணணும்?

இந்த வாரம் ஒரே ஒரு வார்த்தை: ரிவர்ட்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். அன்னைக்குத்தான் ரிலீஸ் பண்ணின பில்லிங் மாட்யூல்ல ஏதோ சந்தேகம் கேட்டு அமெரிக்க கிளையன்ட் ஒருத்தர் மெயில் போட்டிருந்தார். நானும் ரொம்ப மரியாதையா "வில் ரிவர்ட் பை டுநைட்"னு பதில் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பார்த்தா ஏழு மிஸ்டு கால். நல்லா ஓடுற ரிலீஸை ஏன் வாபஸ் வாங்குறீங்கன்னு அங்கே ஒரே பதற்றம். சேவை தடைபடும்னு அவங்க கஸ்டமர்களுக்கு அறிவிப்பு வேற தயாராகிடுச்சு!

நான் சொன்னது 'பதில் அனுப்புறேன்'. அவர் படிச்சது 'பழைய நிலைக்குக் கொண்டு போறேன்'.

லத்தீன்ல 'ரி'ன்னா திரும்ப, 'வெர்டெரே'ன்னா திருப்புறது. வெர்ஷன், கன்வெர்ட், ரிவர்ஸ் எல்லாம் இதே குடும்பம். ('ரிவர்ட் பேக்'னு எழுதுறது நம்ம 'நடு சென்டர்' மாதிரி.) இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஆபீஸ்கள்ல அது 'பதில் போடு'ன்னு ஆயிடுச்சு. அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். நமக்குள்ள எல்லாருக்கும் புரியுதே.

கிட்ல ரிவர்ட் கொடுத்தா பழைய கமிட் அழியாது. அதோட மாற்றங்களைத் தலைகீழாக்கி புதுசா ஒரு கமிட் விழும். அனுப்பின மெயிலுக்கு அந்த வசதி இல்லை, போன்ல அரை மணி நேரம் விளக்கினேன்.

இப்போ வெறும் 'ரிப்ளை'தான் எழுதுறேன். நீங்க மாட்டிக்கிட்ட வார்த்தை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.