விற்பனையில் உடன்செல்வன
(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய நமக்குக் கிரயப் பத்திரத்தைப் பற்றிப் பேச யாது உரிமை என்று இவ்வவையில் சிலர் எண்ணக்கூடும். நாம் வழக்கறிஞர் அல்லேம். ஆயினும் பத்திரமும் தமிழில் எழுதப்பட்டதே. அதனைப் பொருளுணர்ந்து படியாமையால் நம் குடும்பம் பட்ட துன்பமே இன்று நம்மைப் பேச வைத்தது.

நிலம் விற்கப்படுங்கால் கைமாறுவது மண் மட்டுமன்று. இதனை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகள் ஊரை வழங்கும்போது மேல்நோக்கிய மரத்தையும் கீழ்நோக்கிய கிணற்றையும் சேர்த்தே வழங்கின. உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் அடங்குமென உரைத்தன. உடும்பு ஓடுவது வறள்நிலம், ஆமை தவழ்வது ஈரநிலம். இரண்டையும் கூறவே ஒன்றும் எஞ்சாதாயிற்று. பின்னர் விசயநகர வேந்தர் காலத்தில் அட்டபோகம் என்னும் எண்வகை உரிமை பெருவழக்காயிற்று. நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்பன அவை. புதையல், வைப்பு, நீர், கல், அழியாப் பயன், இனி வரும் பயன், இப்போது உள்ள விளைவு, இனி விளைவிக்கக்கூடியது என்று அவற்றுக்குப் பொருள் கூறலாம். பத்திரம் எழுதுவோர் இவற்றை ஒரே மூச்சில் எழுதிச் செல்வர். வாங்குவோரும் யாவும் வந்துவிட்டன என்று மகிழ்வர். ஆனால் முதலாவதாகிய நிதியையே நோக்குக. 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். பத்திரத்தில் நிதி என்று எழுதியிருப்பதைக் காட்டி அதனை வீட்டிற்குள் கொண்டுபோய்விட முடியாது!

இனி, எழுதாவிடினும் உடன்செல்வன சில உள. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் எட்டாம் பிரிவில் இவற்றைக் கூறுகின்றது. வேறு கருத்து வெளிப்படாதவிடத்து, நிலத்தோடு அதற்குரிய வழி, வாய்க்கால் முதலிய அனுபோக பாத்தியங்களும், விற்பனைக்குப் பின் சேரும் குத்தகையும், மண்ணில் வேரூன்றியனவும் பதிக்கப்பட்டனவும் செல்லும். வீட்டோடு பூட்டு, சாவி, தாழ், கதவு, சன்னல், நிலையான பயனுக்கென அமைத்த பிற யாவும் செல்லும். மாணாக்கர்க்கு நாம் கற்பிக்கும் தொகைநிலையை இது ஒக்கும். பொற்குடம் என்றவிடத்துப் பொன்னால் ஆகிய குடம் என உருபும் பயனும் சொல்லாமலே நிற்கவில்லையா? அவ்வாறே வீடு என்ற சொல்லுள் சாவியும் தொக்கு நிற்கின்றது.

தரையிற் பதித்த ஆட்டுக்கல் இவ்வாறு வீட்டோடு சேரும். மூலையில் சாய்த்து வைத்த அம்மி சேராது. உத்தரத்தில் அறைந்த ஊஞ்சல் வளையம் வீட்டினது. பலகையும் சங்கிலியும் எவருடையன? இத்தகைய பொருள்களால் நெடுநாள் உறவு முறிந்ததை நாம் கண்டிருக்கின்றோம். கதிர் முற்றி நிற்கும் பயிரும் அப்படிப்பட்டதே. ஐயம் தோன்றுமிடத்து ஒரு வரி எழுதிவிட்டால் வழக்கு எழாது.

ஆயினும் ஒன்று கருதுக. தொகையில் மறைந்து நிற்பதையே விரிக்கலாம். இல்லாததை விரிக்க இயலாது. அண்டை நிலத்தார் நட்பினால், “நம் வரப்பிலேயே போங்கள்” என்று விட்டிருந்தால் அது அனுமதியே அன்றிப் பாத்தியம் அன்று. விற்றவர் அவ்வழியே முப்பது ஆண்டு நடந்தாரெனினும், வாங்கியவர் அதனை உரிமையெனக் கோர முடியாது. அண்டை நிலம் கைமாறினால் புதிய உடையவரை அவ்வனுமதி கட்டுப்படுத்தவும் செய்யாது.

நம் குடும்பத்துக்கு நேர்ந்ததோ இதனினும் வேறு. 1987-ஆம் ஆண்டில் நம் தந்தையார் மூன்று ஏக்கர் புன்செய் வாங்கினார். விற்றவருக்குத் தமையனார் நிலத்திலிருந்த கிணற்றில் பாகப்பிரிவினைப்படி சரிபாதி உண்டு. அந்நீரைக் கண்டுதான் தந்தையார் விலை பேசினார். பத்திரத்தில் அட்டபோகமும் இருந்தது. ஜலம் என்ற சொல்லும் இருந்தது. கிணற்றுப் பங்கு மட்டும் இல்லை. கிணறு வேறு சர்வே எண்ணைச் சார்ந்தது. அதிலுள்ள பங்கு தனிச் சொத்து. வாங்கிய நிலத்தின் உள்ளடங்கிய பாத்தியம் அன்று. இரண்டாம் ஆண்டில் தமையனார் மோட்டார்க் கொட்டகையைப் பூட்டிவிட்டு, “ஐயா, நிலத்தை வாங்கினீர், கிணற்றை வாங்கவில்லையே” என்றார். அவர் பொய் கூறினாரல்லர். தம்பியின் பங்கையும் அவர் தனியே விலைக்கு வாங்கியிருந்தார். தந்தையார் பத்திரத்தைப் பிரித்து ஜலம் என்ற சொல்லின் மேல் விரல் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றதை, சிறுவராயிருந்த நாம் கண்டோம். பதினோராண்டு அந்நிலம் வானம் பார்த்தே கிடந்தது. அதன் பிறகே கடன் வாங்கிக் கிணறு வெட்டினார்.

தாய்ப்பத்திரம் பற்றியும் ஒரு சொல். விலை முழுதும் பெற்றபின் மூலப்பத்திரங்களை வாங்குவோரிடம் ஒப்படைப்பது விற்போர் கடமை. ஒரு பகுதியை மட்டும் விற்றால் அவை விற்போரிடமே இருக்கலாம். வேண்டும்போது காட்டக் கடமைப்பட்டவர். மின்னிணைப்போ பத்திரத்தாலேயே பெயர் மாறிவிடாது. மின்வாரியத்தில் தனியே விண்ணப்பித்தல் வேண்டும்.

சென்ற ஆண்டு மகள் திருமணத்துக்காக அந்நிலத்தில் பாதியை விற்றோம். தந்தையார் வெட்டிய கிணறு நம் பாதியில் நின்றுவிட்டது. ஆதலின் சர்வே எண்ணைக் குறித்து, அக்கிணற்றில் சரிபாதிப் பங்கும், மோட்டார்க் கொட்டகையில் நுழையும் உரிமையும், ஒருநாள் விட்டு ஒருநாள் நீரிறைக்கும் முறையும், வடக்கு வரப்பை ஒட்டிய வாய்க்காலும், பத்தடி வண்டிப்பாதையும், வேலியோரப் பனை ஏழும் என எழுதச் சொன்னோம். பத்திரம் எழுதுபவர், “வாத்தியாரையா, ஒரு பக்கம் கூடிப்போயிற்றே” என்று சலித்துக்கொண்டார். வாங்கியவர் இளைஞர். அப்பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டே கையொப்பமிட்டார்.