கன்றின் நலம் கருவிலேயே தொடங்குகிறது



1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி, கிராமத்துப் பாலுக்கு நகரச் சந்தையைத் திறந்துவிட்டது. 1998 முதல் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் வகிக்கிறது. ஆயினும், நாளைய கறவையாகிய கன்றின் நலன் உரிய கவனத்தைப் பெறவில்லை.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். ஈன்ற இரண்டு மூன்று மாதங்களில் அது மீண்டும் கருவூட்டப்படுகிறது. பால் மிகுதியாகச் சுரக்கும் அக்காலத்தில், உண்ணும் தீவனம் போதாமல், பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்தே பால் தருகிறது. கருவின் முதல் வாரங்கள் இந்த நெருக்கடியில்தான் கழிகின்றன. தாயின் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து கொழுப்பு அமிலங்கள் மிகுந்தால் கருவின் வளர்ச்சி குன்றக்கூடும். சில வேளைகளில் சினையே தங்காது.

கன்றின் எடையில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் கூடுகிறது. அப்போது பால் வற்றுகிறது. அதனுடன் தீவனமும் வற்றுகிறது. வருவாய் நின்றபின் செலவிடச் சிறு விவசாயியிடம் பணம் ஏது?

நோய் எதிர்ப்புச் சக்தி பசுவின் கருப்பையில் கன்றுக்குக் கிட்டுவதில்லை. பிறந்த சில மணி நேரத்திற்குள் ஊட்டும் சீம்பாலே அதனை அளிக்கிறது. அச்சீம்பாலின் வளமும் தாயின் ஊட்டத்தைப் பொறுத்ததே.

ஆகவே, பால் வற்றிய இரு மாதங்களுக்கு அடர்தீவனத்தையும் தாது உப்புக் கலவையையும் கூட்டுறவுச் சங்கங்கள் கடனாக வழங்கி, அடுத்த ஈற்றின் பால் பணத்தில் அதனைத் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம். கறக்காத நாட்களில் இடும் தீவனம், அடுத்த தலைமுறைக் கறவைக்கு இடும் முதலீடாகும்.